மணிக்கு எவ்வளவு

பந்தயத் தடத்துக்கு மட்டும் என்று பிறந்த கார்.
நம்பர் பலகை கிடையாது, ஹாரன் கிடையாது,
கிலோமீட்டர்கூடக் கிடையாது.
எஞ்சின் ஓடிய மணிக்கணக்கே அதன் வயது:
பதினொன்று.

லாரியில் ஏறி, பார்வைக்காகக்
கானாடுகாத்தானுக்கு வந்திருந்தது.
தரைக்கும் வயிற்றுக்கும் நாலு விரல் இடைவெளி.
தெருமுனை வேகத்தடையைத் தாண்டப்
பலகை போட்டுத் தள்ளினோம், எட்டுப் பேர்.

நான் மதிப்பீட்டாளன்.
முட்டிபோட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன்.
கார்பன் உடம்பில் ஒட்டு இல்லை.
டயர் மட்டும் ஓடாமலே இறுகியிருந்தது.
"ஓட்ட ஓட்ட விலை இறங்கும்" என்றேன்,
"சும்மா வைத்தாலும் ரப்பர் சும்மா இருக்காது."
விற்கிறவர் போலச் சிரித்தார் தேனப்பன்;
வாங்கப்போவது அவர்தான்.

இரண்டு கோடியே இருபது லட்சம்.
உமையாள் பேனாவை மூடாமல் கேட்டாள்:
"அப்ப மணிக்கு இருபது லட்சமா?"
அப்படிக் கணக்குப் பார்க்கக் கூடாது என்று
சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் மறு தெருவில்.
இந்த ஊரில் அதற்கு வாய்த்த நேர்ப்பாதை
வீட்டின் நீளம்தான்.
அதிலும் கட்டுக்குக் கட்டு படி.

"சத்தமாவது கேக்கணும்" என்றாள்.
எண்ணெயைச் சூடேற்றி, பேட்டரி கோத்து,
நின்ற இடத்திலேயே உசுப்பினோம்.
மச்சுப் புறாக்கள் மொத்தமாய்க் கிளம்பின.
பூட்டிக் கிடந்த பக்கத்து வீட்டில்
ஏதோ ஒரு கண்ணாடி பதில் சொன்னது.
தேனப்பன் காதைப் பொத்திக்கொண்டார்.
அவள் பொத்தவில்லை.

நாலு நிமிடம்.
காரின் பதிவேட்டில் கூட்டி எழுதினேன்.
அவளும் தன் நோட்டில்
ஒரு லட்சத்து முப்பத்து மூவாயிரத்துச் சொச்சம் என்று
எழுதினாள், வரவுப் பக்கத்தில்.
"இன்னொரு தரம்?" என்றாள்.