புற்றின் மேல் கடைசி ஆள்

வண்டியின் முகப்பில் நான்கு கைப்பேசிகளை
நாடா போட்டு ஒட்டியிருக்கிறேன்.
ஒன்று ஓயாமல் அழைக்கிறது, எடுப்பவர் யாரும் பேசுவதில்லை.
ஒன்று ஒரே படத்தை இறக்கி, அழித்து, மறுபடி இறக்குகிறது.
மற்ற இரண்டும் என்ன செய்கின்றன என்று கேட்டான் மசோசி, ஓட்டுநர்.
போட்டிக் கம்பெனிகளை உளவு பார்க்கின்றன என்றேன்.
அன்றிலிருந்து அவற்றின் முன்னால்
அவன் கெட்ட வார்த்தை பேசுவதில்லை.

வடக்கேயிருந்து இறங்கி வருகிறோம்.
இடப்பக்கம் மலாவி ஏரி.
கடல் என்றே சொல்லிவிடலாம், அலையும் உண்டு,
உப்புதான் இல்லை.
வலப்பக்கம் மரவள்ளி, மரவள்ளி, ஒரு பள்ளிக்கூடம், மரவள்ளி.
மடிக்கணினியில் நாங்கள் போன வழியெல்லாம்
பச்சைப் புள்ளிகள்,
ஓட்டைச் சாக்கிலிருந்து பயறு சிந்தியது போல.
மைனஸ் எழுபத்தெட்டு. மைனஸ் எண்பத்தொன்று.
நல்ல சிக்னல்.
மணி காலை பதினொன்று.
ஊர் தூங்குகிற நேரம் அது என்று
அப்போது எனக்குத் தெரியாது.

கசீதோ துறையில் ரேடியேட்டர் குழாய் வெடித்தது.
வாடகை சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து
மசோசி குழாய் தேடிப் போனான்.
நான் வண்டிக்குக் காவல்.

இரவு ஏழு மணிக்கும் அதே கோபுரம்,
அதே மைனஸ் எழுபத்தெட்டு.
நான்கு கோடுகளும் நிமிர்ந்து நின்றன,
கல்யாண வாசலில் பன்னீர் தெளிப்பவர்கள் போல.
உள்ளே பந்தியில் சோறு தீர்ந்திருந்தது.
வட்டம் சுற்றியது.
சுற்றியது.
அன்றைய அறிக்கையை அனுப்ப ஒன்பது முறை முயன்றேன்:
'கசீதோ, தரம்: நன்று.'

"பகலில் பேக் போட்டால்
வட்டம் சுற்றுவதைப் பார்க்கத்தான் காசு"
என்றாள் லுசுங்கு. உசிப்பா மீன் வியாபாரி.
நடு இரவுக்கு மேல் கால் விலை,
அதனால் அலாரம் வைத்து எழுகிறார்கள்.
ஆண்கள் விளக்கு கட்டிய படகில் ஏரிமேல்.
பெண்களும் பையன்களும் மூங்கில் புதருக்குப் பின்னால்,
ஓர் ஆள் உயரக் கரையான் புற்றைச் சுற்றி.
அதன் உச்சி
கால்பட்டுக் கால்பட்டு அம்மிபோல் வழவழத்திருந்தது.

உச்சியில் நின்று தலைக்கு மேல் கையைத் தூக்கினால்
மலைக்கு அந்தப்பக்கத்துக் கோபுரம் கிடைக்கும்.
போட்டிக் கம்பெனியுடையது.
மைனஸ் நூற்றுப்பத்து. என் வரைபடத்தில் அது சிவப்பு,
ஆளில்லாத இடம் என்று அலுவலகத்தில் நாங்கள் தொடாத சிவப்பு.
அங்கே கூட்டமில்லை. அதனால் போகிறது.
சுரைக்காயை ஏட்டில் வரைந்து
பச்சை அடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்பது
புற்றடியில் நின்றபோது உறைத்தது.

லுசுங்குவின் செய்தி பதினொரு நொடிக் குரல்:
எத்தனை கூடை, என்ன விலை, ஐஸ் உண்டா.
விடியுமுன் ம்சூசூச் சந்தையிலிருந்து பதில் வந்தால்
லாரியில் ஏற்றுவாள். வராவிட்டால்
மணலில் காயப்போடுவாள், பாதி விலைக்கு.
அவளுக்கு அடுத்தவள் சுகாதார நிலையத்துத் தாதி,
தடுப்பூசிக் கணக்கோடு.
மூன்றாவது ம்விசா என்ற பையன்,
கால்பந்து கோல் ஒன்றை இறக்க.
ஒரே ஒரு கோல், முழு ஆட்டம் அல்ல.

வண்டிக்குப் போய் நாடாவைப் பிய்த்து
உளவுக் கைப்பேசியில் ஒன்றை எடுத்துவந்தேன்.
எங்கள் கம்பெனி நன்று என்ற அறிக்கையை
அவர்கள் கம்பெனி வழியாக அனுப்ப.
நான்காவதாக நின்றேன்.

"உன்னது எவ்வளவு?"
முந்நூறு எம்பி.
யாரும் திட்டவில்லை. ம்விசா மட்டும் விசில் அடித்தான்.
"அப்படியானால் எல்லாருக்கும் பின்னால் நில்" என்றாள் லுசுங்கு,
அரிசிக் கடையில் சொல்வது போல, சாதாரணமாக.
எனக்குப் பின்னால் இன்னும் பதினாறு பேர் இருந்தார்கள்.
அவர்களுக்கும் பின்னால் போனேன்.

குறிப்புப் பத்தியில் நாற்பது எழுத்துக்கு இடமுண்டு.
'நன்று' என்பதை அழித்தேன்.
வேறென்ன போடுவதென்று தெரியாமல்
வரிசையோடு வரிசையாக நகர்ந்தேன்.

மூன்றரைக்கு என் முறை வந்தது.
பத்தி இன்னும் காலி.
"செருப்பைக் கழற்றிவிட்டு ஏறு,
வழுக்கும்" என்றான் ம்விசா,
கோலை ஏழாவது தடவையாகப் பார்த்தபடி.