விதிவிலக்கு: மூக்கையூர்-2

கீழக்கரையில், ஒரு சங்குக் கடை மாடியில் உட்கார்ந்து
இரவு பதினொன்றரைக்குக் கரையை உறங்க வைக்கிறேன்.
தொண்டி மீன்வள அலுவலகம், நான்கு கம்ப்யூட்டர்.
தேவிபட்டினம் கூட்டுறவு, ஆறு.
மண்டபம், பெரியபட்டினம், ஏர்வாடி, வாலிநோக்கம் என்று
பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாய்ச் சாம்பலாகும்.
மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று.
எந்த மேசையில் யார் என்று தெரியாது.
வெப்பம் தெரியும். எந்த விசிறியில் உப்பு ஏறியிருக்கிறது என்பதும்,
அதன் முனகல் எனக்கு எண்ணாக வந்து சேர்வதால்.

மூக்கையூர்-2 உறங்கவில்லை.
திரையில் வெற்றுத்தாள். ஓர் எழுத்தும் இல்லை.
ஒளி நூறு.
நாற்பதாக்கினேன்.
நூறானது.
நாற்பது.
நூறு.
போர்த்தப் போர்த்த யாரோ போர்வையை உருவுகிறார்கள்.

அங்கிருந்த எண்ணுக்கு அழைத்தேன்.
"நீதானா வெளக்கக் கொறைக்கிறவ?"
பேர் பனிமயம்.
சாயங்காலத்திலிருந்து கரண்ட் இல்லை.
ஏழு பெண்கள், பதினொரு கூடை நண்டு,
நாலு மணிக்கு வண்டி.
"போன் லைட்ட பல்லுல கவ்விக்கிட்டு
எத்தன நேரந்தான் தரம் பிரிக்கிறது தாயி?"
வயர் எட்டுகிற மட்டும்
மேசையை வாசலுக்கு இழுத்திருக்கிறார்கள்.

யுபிஎஸ்ஸில் இருபத்தாறு நிமிடம். மணி இரண்டு ஐம்பது.
மோடமும் அதே பேட்டரியில்தான்.

சேமிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
அப்டேட்டை நிறுத்தினேன். வைரஸ் தேடலை, பிரிண்டர் சேவையை,
யாரும் கேட்காத ஒலியை.
பிராசசரை மூச்சு நின்றுவிடாத அளவுக்கு இறுக்கினேன்.
வெளிச்சத்தைத் தவிர எல்லாவற்றையும் பட்டினி போட்டேன்.
ஐம்பத்தெட்டு நிமிடம் என்றது.
"எண்பத்தஞ்சுல வைக்கட்டுமா?"
"எழுவது வையி. கால் ஒடிஞ்சது தெரிஞ்சாப் போதும்."

மூன்று ஐம்பத்தேழுக்குப் புள்ளி தானே சாம்பலானது.
வண்டி வந்து அணைத்தார்களா, பேட்டரி தீர்ந்ததா,
இங்கிருந்து பார்த்தால் இரண்டுக்கும் ஒரே நிறம்.
பனிமயத்தின் போனும் எடுக்கவில்லை.

காலை அறிக்கையில் மூக்கையூர்-2 மட்டும் சிவப்பு.
காரணம் எழுதும் கட்டம் மிகச் சின்னது.
'அத்தியாவசியப் பயன்பாடு' பாதியில் அறுந்து நின்றது.
அழித்துவிட்டு, நண்டு என்று போட்டேன்.
ஏற்றுக்கொண்டது.

அதற்குள் பெரியபட்டினத்தில்
யாரோ அலுவலகம் திறந்துவிட்டார்கள்.
ஒரு விசிறி முனகத் தொடங்கியிருந்தது.