மாதிரி 4417

நவம்பரில் வந்த சளி பத்து நாளில் போனது.
போகும்போது எதையோ எடுத்துக்கொண்டு போனது.

பால் அடிப்பிடித்துக் கரியாகி
பக்கத்து வீட்டு ஹெர்ட்டா கதவைத் தட்டியபோதுதான்
எனக்கே தெரிந்தது.

ஹோல்ஸ்மிண்டனில் இதை வெளியே சொல்ல முடியாது.
வேஸர் ஆற்றின் இந்தக் கரையில்
தெருவுக்குப் பத்துப் பேர்
மூக்கால் சம்பளம் வாங்குகிறோம்.

என் இடம் ஏழாம் கூண்டு.
காகிதக் குச்சியை முகர்ந்து
எந்திரத்துக்குச் சொல் கொடுக்க வேண்டும்.
மூலக்கூறின் படம் அதற்குத் தெரியும்.
மற்றதெல்லாம் எங்கள் வாய்வழி போனது:
நெடி, வீச்சம், கவிச்சி, முடை,
மழையில் நனைந்த கம்பளி,
திறந்தவுடன் புதுச் செருப்புப் பெட்டி.
பதினெட்டுப் பேர், நாலு வருஷம்
ஊட்டி ஊட்டி வளர்த்தோம்.

இப்போது அதுவே முதலில் சொல்கிறது.
'பேரிக்காய்த் தோல். கொஞ்சம் ஈர அட்டை.'
சரியா தப்பா என்று நாங்கள் அழுத்துவோம்.

முதல் நாள் 'சரி' போட்டேன்.
மறுநாள், சந்தேகம் வரக் கூடாதே என்று,
ஈர அட்டையை அடித்து
நனைந்த பைபிள் என்றேன்.
நன்றி சொல்லி
அதையும் கற்றுக்கொண்டது.

ஆறு வாரம்.
முகராத ஒன்றும் முகராத ஒருத்தியும்
மணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.
டெட்லெஃபுக்கு மூக்கில் வேர்க்கவில்லை.
'இம்கே, உன் கூண்டில்தான் பிழை குறைவு'
என்று கேக் வெட்டினார்.
சர்க்கரை மட்டும் தெரிந்தது.

அன்று சாயங்காலம் ஏதோ ஒரு குச்சி.
திரையில் சரி, தப்பு, ஓரளவு.
என் பதிலுக்குப் பொத்தான் இல்லை.
குறிப்புப் பெட்டியில் தட்டினேன்:
எனக்கு எதுவும் மணக்கவில்லை.

அதற்கு அது வாக்குமூலம் இல்லை,
இன்னொரு விவரணை.

திங்கட்கிழமை எல்லாக் கூண்டுக்கும் வந்தது
மாதிரி 4417.
பெயர்: எதுவும் மணக்காதது.
பதினோரு பொருள் சேர்த்து
அதுவே கலந்தது.

கூண்டுக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.
யாரும் பேசவில்லை.
டெட்லெஃப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
மாட்டினார், மறுபடி கழற்றினார்.
பயிற்சிக்கு வந்த யானிக்
குச்சியைப் பிடித்தபடி நடைவழியில் நின்றான்.

'எப்படி இருக்கு?' என்று கேட்டேன்.
உண்மையாகவே கேட்டேன்.

வாயைத் திறந்தான்.
மூடினான்.
என்னைப் பார்த்தான்.

நான் என் கூண்டுக்குப் போய்
'சரி' என்று அழுத்தினேன்.