முப்பத்தெட்டாவது வரிசை

கொஸ்தனாய்க்கு வடக்கே, கோதுமை அறுத்த வெளி.
இரவு மழை பெய்தது தெரியாமல்
கொழுமுனையை இறக்கிவிட்டோம்.

அதன் அடியில் நகமளவு நீலமணிக் கண்ணாடி.
சிவப்புக்கும் அப்பால், கண்ணுக்குச் சிக்காத ஒளி
அதன் வழியே போய்
கரிசலைத் தொட்டுத் திரும்ப வேண்டும்.
தொட்டது. பாதி திரும்பவில்லை;
தண்ணீர் குடித்துவிட்டது.
கோடு விழுந்த பள்ளத்துக்குப் பின்னால்
கடன் கொடுத்தவனைக் கண்டதுபோல்
ஒளிந்துகொண்டது கரிமம்.

வெள்ளை வில்லையைக் காட்டு, கண்ணாடியைத் துடை, மறுபடி.
ஏழாம் தடவை
டிராக்டரை அணைத்துவிட்டு இறங்கினார் ஜோல்திபாய்.
"மண் கிடக்கட்டும். இதைச் சொல்லட்டும்."
டீசல் மணக்கும் உள்ளங்கையை வைத்தார்.

கரிமம் பதினொன்று.
களிமண், கழித்தல் ஆறு.

"களிமண்ணே இல்லையா?"
"இல்லாததைவிட ஆறு குறைவு."
"முல்லாவிடம் கேட்கிறேன்.
பிறகு என்னை எதால் பிசைந்தார்களாம்?"

ராத்திரி, கொட்டகை, மடிக்கணினி.
பொருந்தாத வரிசைகளை நீக்குகிறேன்:
வைக்கோல் மறைத்தது ஒன்று,
முனை தூக்கி வானத்தைப் பார்த்தது ஒன்று,
ஈரம், ஈரம், ஈரம்.
முப்பத்தெட்டில் விரல் நிற்கிறது.
வெளியே அவர்
சங்கிலியைச் சுத்தியலால் தட்டுகிறார்,
பாட்டுமில்லை, பேச்சுமில்லை.

நீக்கவில்லை.
இடம்: வயல் நான்கு, மேற்கு ஓரம்.
ஆழம்: அளக்கவில்லை.