இருபத்தோராவது வளைவு

முப்பத்தோரு வருஷம்
உட்கார்ந்தே சம்பாதித்தவன் நான்.
ஏற்காட்டு மலைப்பாதையில்
உட்காருவதுதான் வேலை.
சீட்டுக்கு முதுகு உண்டு,
நான் சாய்ந்தால்
கூட ஐம்பத்தைந்து பேர் சாய்வார்கள்.

எலும்பு டாக்டர்
படத்தை விளக்கில் மாட்டிக் காட்டினார்.
எனக்குப் பதிமூன்றாம் வளைவு மாதிரி தெரிந்தது:
உள்பக்கம் தேய்ந்து, வெளிப்பக்கம் சரிந்து.
'நல்ல சாய்வு நாற்காலியா ஒண்ணு வாங்குங்க'
என்று மாத்திரைகளுக்குக் கீழே
அதையும் எழுதிக் கொடுத்தார்.

ஐந்து ரோட்டில் கண்ணாடிக் கடை.
செருப்பைக் கழற்றணுமா என்றாள் மாதேஸ்வரி.
'வேண்டாம்மா' என்றான் சாதிக், சிரிக்காமல்.
அதற்காகவே அவனிடம் வாங்கலாம் போலிருந்தது.

முட்டை ஓடு மாதிரி ஒன்று காட்டினான்,
போனால் திரும்ப வழியில்லை.
இப்போதுதான் எழுந்து நிற்கும் கன்றுக்குட்டியாய்
கால் மெலிந்த ஒன்று.
வளைத்த பலகையும் கறுப்புத் தோலுமாய் இன்னொன்று,
யாரோ வெளிநாட்டுக்காரர் வரைந்ததாம்.
அவர் என்ன உயரம் என்று கேட்டேன்.
என் தலை அதன் தலையணையை எட்டவில்லை.

தோலை நான் பார்க்கவில்லை.
குனிந்து அடியைப் பார்த்தேன்:
வெல்டிங், போல்ட், ஸ்பிரிங்.
கட்டைவிரலால் அமுக்கிவிட்டு
மெத்தை எழும்ப எத்தனை நொடி என்று எண்ணினேன்.
வண்டி எடுக்குமுன் டயரைத் தட்டிப் பார்த்த கை.

கடைசியாக, பழுத்த காப்பிக் கொட்டைச் சிவப்பில் ஒன்று.
'சும்மா சாயுங்க சார், அதுவே உங்களை வாங்கிக்கும்.'
சாய்ந்தேன்.
முதுகு பின்னால் போகப் போக
வலது கால் தானாக முன்னால் போய்
டைல்ஸ் தரையில் பிரேக்கைத் தேடியது.
இடது கை, கியரை.
கண்ணை மூடினால்
கீழே சேலம் முழுக்க விளக்கு,
எதிரே ஹாரன் அடிக்காமல் திரும்புகிற கார்.
எழுந்துவிட்டேன்.

'நீ உட்கார்ந்து பாரு' என்றேன்,
விலைச்சீட்டைத் தனியாகப் படிக்க நேரம் வேண்டி.

செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில்
கொலுசுக்குக் கண்ணி கோக்கிறவள்.
மணைப்பலகை, மடக்கிய கால், கவிழ்ந்த கழுத்து.
அவள் உட்கார்ந்த எதற்குமே முதுகு இருந்ததில்லை.
இத்தனை வருஷத்தில்
கடையில் நின்றபோதுதான் அது உறைத்தது.

மடியில் பையோடு விளிம்பில் உட்கார்ந்தாள்.
பையைச் சாதிக் வாங்கிக்கொண்டான்.
கால்பலகை எழுந்தது.
'ஐயோ' என்றாள்.
அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

நாற்பத்திரண்டாயிரம்.
'ஏம்மா, கேட்டியா' என்று திரும்பினால்
தூங்கிக்கொண்டிருந்தாள்,
வாய் கொஞ்சம் திறந்து.
சாதிக் பாட்டின் சத்தத்தைக் குறைத்தான்.
அடுத்து வந்த குடும்பத்தைச் சோபா பக்கம் ஓட்டிக்கொண்டு போனான்.
பன்னிரண்டு நிமிஷம்.
டைம் வராத வண்டி மாதிரி
இன்ஜினை அணைத்துப் பக்கத்தில் நின்றேன்.

எழுந்ததும் முந்தானையைச் சரிசெய்தாள்.
'நல்லாத்தான் இருக்கு,
உங்களுக்குத்தான் சரிப்படாது.'
'ஆமா' என்றேன்.
'பில் போடு தம்பி.'

கிச்சிப்பாளையத்தில் எங்கள் மாடிப்படித் திருப்பத்தில்
சிக்கிக்கொண்டது.
தூக்கி வந்த இரண்டு பேரும்
சுவரைத் திட்டினார்கள்.
மேல்படியில் நின்று நான் சொன்னேன்:
லெஃப்டுல ஒடி. பின்னாடி வா.
வரட்டும், வரட்டும், நிறுத்து.
இப்ப முழுசா ரைட்டு.
ஒரு விரல்கடை மிச்சம் விட்டு ஏறியது.
சுண்ணாம்பு மட்டும் கொஞ்சம் உதிர்ந்தது.

பகலில் அதன்மேல் துவைத்த துணி மலையாகக் கிடக்கிறது.
ஒன்பதரைக்கு அவள் வந்து
துணியை என் கட்டிலுக்குத் தள்ளிவிட்டுச் சாய்வாள்.
டிவி தனக்குத்தானே பேசும்.
நான் பிளாஸ்டிக் நாற்காலியில்.

போன வாரம் டாக்டர் கேட்டார்,
'நாற்காலி வாங்கினீங்களா?'
'வாங்கியாச்சு.'
'வலி?'
'குறைஞ்சிருக்கு சார்' என்றேன்,
அவள் கழுத்தை நினைத்து.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும்
துணியை இறக்கி, அதைக் கவிழ்த்துப் போட்டு
நாலு போல்ட்டையும் முறுக்கி வைக்கிறேன்.