பூங்காவனம், மா., 1952–

அறுபத்து நாலு பக்கம்.
பெயர் எழுத முதுகு இல்லாத புத்தகம், இரண்டு கம்பித் தையல்.
'எட்டாம் நம்பர் குழாய்.'
செந்தூலில் அச்சடித்தது, விலை மூன்று வெள்ளி.
அட்டையில் மா. பூங்காவனம்.
பின்னட்டையில் ஆங்கில எழுத்தில் பூங்கவானம் மாரி.
காப்புரிமைப் பக்கத்தில்
பூஙாவனம் அ/பெ மாரிமுத்து.

பதிவிலாகா எழுத்தர் காதில்
பூங்கா, பூஙாவாக விழுந்திருக்கிறது.
அவர் மொழியில் அதற்குப் பூ என்று பொருள்.
தப்பாக எழுதியும்
பூவைத் தவறவிடவில்லை மனிதர்.

எங்கள் கோப்பிலோ ஏற்கெனவே ஒரு மா. பூங்காவனம்:
1948, ஆண், மா. என்றால் மாணிக்கம்,
லாரி ஓட்டுநர் சங்கத்துக்கு இரண்டு துண்டறிக்கை.
இயந்திரம் போன வாரமே
இருவரையும் ஒரே ஆளாக்கி ஒட்டிவிட்டது,
குடும்பப் பெயர்க் கட்டத்தில் மாரிமுத்துவை உட்காரவைத்து.
எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்று
பதினோரு வருஷமாகச் சொல்லிவருகிறேன்.
கட்டம் காலியாக இருக்கக்கூடாதாம்.

அடுத்தது பொருள் தலைப்பு.
கிள்ளான் ஆற்றோரம் நாணல் வெட்டி, சேறு தூர்த்து
நாற்பத்தாறு பலகை வீடு.
எட்டாவது தெருக்குழாயில்
விடிகாலை மூன்று மணிக்குத் தண்ணீர்.
பிறகு மண்வாரி.
பிறகு பதினேழு மாடி ஃபிளாட்,
லிஃப்ட் ஓடாத நாட்களின் பட்டியல்,
பக்கம் 52 முதல் 58 வரை.

மலாயில் இருக்கிற சொல் செத்திங்கான்.
அதைத் தமிழில் 'அத்துமீறிக் குடியிருப்போர்' என்று
எனக்கு முன் யாரோ நிறுவிவிட்டுப் போயிருக்கிறார்.
புத்தகத்தில் அது ஒரே இடத்தில் வருகிறது,
நோட்டீஸ் வாசிக்கும் அதிகாரியின் வாயில்.
அந்த அம்மாள் எழுதுவது: நகர முன்னோடிகள்.
இருபத்தாறு தடவை. எண்ணினேன்.

விண்ணப்பம் போட்டேன்.
லியூ கோக் செங் கண்ணாடியைத் துடைத்தபடி
"ஆதாரம் எத்தனை?" என்றார்.
ஒரு புத்தகம்.
"எதிர்ப்பக்கம்?"
நூற்றுப் பதினெட்டு. மாநகர் மன்ற அறிக்கை, ஆய்வேடு.
"பெரும்பான்மை வழக்கு" என்றார்.
வருத்தமாகத்தான் சொன்னார்.

நகர முன்னோடிகள்: பயன்படுத்தற்க.
காண்க: அத்துமீறிக் குடியிருப்போர்.

இந்தக் 'காண்க'வை எத்தனை ஆயிரம் முறை தட்டியிருப்பேன்.
முன்னோடி என்று தேடி வருகிறவனைக்
கையைப் பிடித்துக் கூட்டிப்போய்
அத்துமீறியவன் வாசலில் விட்டுவருகிற வேலை
என்று அன்றைக்குத்தான் பட்டது.
குறிப்புக் கட்டத்துக்கு நீள வரம்பு இல்லை.
இருபத்தாறு பக்க எண்ணையும் அங்கே எழுதிவைத்தேன்.
ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

பிறந்த ஆண்டு வேண்டும்.
அச்சகத்தில் எண் வாங்கி அழைத்தேன்.
நாலு மணி மழை இந்தப் பக்கம்,
குக்கர் விசில் அந்தப் பக்கம்.
"சூராட்ல அம்பத்து நாலு. அம்மா சொன்னது அம்பத்திரண்டு.
எது வேணும் உங்களுக்கு?"
எது சரி?
"நான் பொறந்தப்ப அம்மா அங்க இருந்தாங்க.
சூராட் எழுதினவரு இல்ல."
அம்பத்திரண்டு போட்டேன்.

அப்பா பெயரை முன்னால் வைக்கலாமா என்று கேட்டேன்.
கேட்டாக வேண்டும், விதி.
கொஞ்ச நேரம் குக்கர் மட்டும்.
"அவரையே தேடிக் கண்டுபிடிக்க முடியல, தங்கச்சி.
அவர் பேர்ல என்னை யாரு வந்து தேடுவா?"

லாரிக்காரரைப் பிரித்து
அவருடைய 1948க்கே அனுப்பிவைத்தேன்.
பூஙாவனம், காண்க.
பூங்கவானம், காண்க.
மூன்று சுழி ண போட்டுத் தேடுவார்களே,
அவர்களுக்கும் ஒன்று.

வாசித்துக் காட்டச் சொன்னார்.
காற்புள்ளி, முற்றுப்புள்ளி, கோடு, ஒன்று விடாமல் வாசித்தேன்.
"வருஷத்துக்கு அப்புறம் என்ன கோடு?"
இன்னும் இருக்கீங்கன்னு அர்த்தம், அக்கா.
"அப்படியா" என்றார்.
"இன்னிக்கும் லிஃப்ட் ஓடல. எழுதிக்குங்க."