கடைசிக் கம்பத்தில் நூற்று அறுபத்தெட்டு

செல்லூர் ஆறாம் எண் டிரான்ஸ்பார்மர்
இரண்டு மாதத்தில் கொடுத்தது
நாற்பத்து மூவாயிரத்து இருநூற்று எண்பது யூனிட்.
தெரு முழுக்க ரசீது போட்டுக் கூட்டினால்
முப்பத்தைந்தாயிரத்து எண்ணூற்றுப் பத்து.
மீதியை யார் தின்றது?

சந்தனகுமார்தான் என்றது தெரு.
ராத்திரியில் அவர் வெல்டிங் பட்டறை
நீலமாய் வெட்டுவது
எல்லார் ஜன்னலிலும் தெரிகிறதே.
மொட்டைக் கடுதாசி இரண்டு வந்தது,
இரண்டிலும் ஒரே கையெழுத்து,
ஒன்றில் மட்டும் எழுத்துப் பிழை.

புது மென்பொருளில் தெருவை ஏற்ற
எனக்கு ஒன்பது நாள்.
கம்பம் கம்பமாக நடந்து
போனில் கூவினார் சோணைமுத்து:
"பதினொண்ணுல நாலு சர்வீசு, எல்லாம் செவப்பு.
பன்னெண்டுல மூணு, அதுவும் செவப்பு.
பதிமூணு… மேடம், பதிமூணே இல்ல.
ரோடு போட்டப்ப புடுங்கிட்டாய்ங்க."
வரைபடத்தில் நான் நட்டிருந்ததை
நானே பிடுங்கினேன்.

கணக்கு ஓடி முடிய மணி ஏழரை.
சிவப்பில் நூற்று எண்பது ஆம்பியர்,
மஞ்சளில் எழுபது,
நீலத்தில் நாற்பது.
மூன்று பேர் தூக்கும் பீரோ
ஒருத்தன் தோளில்.
ஒன்றுமே ஓடக்கூடாத நியூட்ரலில்
நூற்று இருபத்தெட்டு.

ஓட்டம் இரட்டித்தால் சூடு நாலு மடங்கு.
திருடனுக்கு முகமில்லை, சர்வீஸ் நம்பரில்லை.
ஜன்னி கண்டதுபோல் ராத்திரியெல்லாம்
கொதித்துக் கிடந்திருக்கிறது கம்பி.
காக்கைக்கு இது முன்னமே தெரியும்:
பத்தாம் கம்பத்து ஜாயிண்டில்
ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

பதினெட்டு வீட்டை நீலத்துக்கு,
ஒன்பதை மஞ்சளுக்கு
மாற்றச் சொன்னது திரை.
கீழே ஒரு பொத்தான்: சேமி.
எதை என்று கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை
ஒன்பது முதல் ஒன்று வரை நிறுத்தம்.
அங்குட்டு இருந்ததை இங்குட்டு மாற்றினார்
ஏணி உச்சியில் சோணைமுத்து.
ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தது சந்தனகுமார்.
யாரும் கூப்பிடவில்லை, தானாக வந்தார்.
பதினொரு மணிக்கு
எல்லோருக்கும் டீ சொன்னார்,
கடுதாசிக்காரருக்கும் சேர்த்தே இருக்கும்.

அடுத்த கணக்கெடுப்பில் பதினேழு சதம் பத்தானது.
கம்பி தின்பது எட்டு என்கிறது மென்பொருள்.
பாக்கி இரண்டைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.
அதில் ஒரு சொட்டு
எங்கள் அலுவலக வாசலிலேயே கிடைத்தது:
'மின்திருட்டு தண்டனைக்குரிய குற்றம்'
பலகைக்கு மேலே
பகலிலும் எரியும் குழல்விளக்கு.
அதற்கு மீட்டர் கிடையாது.

கடைசிக் கம்பத்தில் இப்போது
இருநூற்றுப் பதினாலு வோல்ட்.
அந்த வீட்டுக் கலாராணி
மாற்றிய மறுநாளே வந்திருந்தாள்,
இடுப்பில் பிள்ளையோடு, கோபமாக.
"நேத்துலேருந்து பேன் பேயாச் சுத்துது மேடம்.
எதையோ தப்பா மாத்திட்டீங்க.
புள்ளைக்குச் சளி புடிச்சிருச்சு."

புகார்ப் பதிவேட்டில்
அப்படியே எழுதிக்கொண்டேன்.